எழுத்தாளரை அழைப்பதா, ஊரைக் கிளறுவதா? கிளை நூலக நிகழ்ச்சிக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசி மழை பிடித்ததும் எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பிக்கும். பக்கத்து ஊர் வாசகர் வட்டத்துக்காரர்கள்தான். "அண்ணாச்சி, நூலக வாரம் வருது. நவம்பர் 14-லேருந்து 20-க்குள்ள ஏதாவது பண்ணணும். கையில பதினஞ்சாயிரம் இருக்கு. எழுத்தாளர் யாரையாவது கூப்பிடுவோமா, இல்ல நம்ம ஊர் வரலாறுன்னு ஏதாச்சும் பண்ணுவோமா?"

கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். கரிசல் காட்டில் இந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே குடையும். இடைசெவல் என்கிற ஒரே ஊரில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். பாரதி பிறந்த எட்டயபுரம் ஒரு பக்கம், கழுகுமலை இன்னொரு பக்கம். எழுத்தாளருக்கும் பஞ்சமில்லை, பழைய கல்லுக்கும் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பணத்துக்கும், நாற்காலி தூக்க ஆளுக்கும்தான்.

எழுத்தாளர் கூட்டம், வரலாற்று உரை, மரபு நடை (பழைய இடங்களுக்குக் கூட்டமாகப் போய்ப் பார்ப்பது), ஆவண நாள் (வீட்டுப் பழைய படங்களையும் தாள்களையும் ஸ்கேன் செய்வது) என்று நான்கையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். செலவுத் தொகைகள் எங்கள் கணக்கு நோட்டில் இருப்பவை. உங்கள் ஊரில் மைக் செட்டுக்காரர் உங்கள் சித்தப்பாவாக இருந்தால் கணக்கு மாறும்.

## எதை வைத்து அளப்பது

நிகழ்ச்சி நன்றாக நடந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலைகளைத்தான் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி: பந்தல் பிரித்த மறுநாள் நூலகத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது? புது உறுப்பினரா, அலமாரியில் ஒரு புத்தகமா, ஒரு கோப்பா, அல்லது தண்ணீர் பாட்டில் மட்டும்தானா? என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்குத்தான்.

இரண்டாவது, யார் வந்தார்கள்? வழக்கமாக வரும் பதினைந்து பேரே திரும்ப வந்தால், அது நூலகத்துக்குள் நடந்த நம் வீட்டு விசேஷம். வாசலைத் தாண்டிப் பேப்பர்கூடப் படிக்க வராத ஆள் வந்தாரா என்று பார்க்க வேண்டும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக அவரும் கட்டுகிறார். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு அது.

மூன்றாவது, செலவு. ரொக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேருடைய எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன என்றும் பாருங்கள். எங்கள் நூலகத்தில் நூலகர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்றைக்கு அவரை வரச் சொல்வது பாவம். ஆகவே எதுவானாலும் ஞாயிறு.

நான்காவது, வம்பு. எந்த நிகழ்ச்சியால் ஊரில் யார் யாருக்கு மனக்கசப்பு வரும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். வரலாறு என்று வாயைத் திறந்தாலே இது வரும். ஆனால் எழுத்தாளர் கூட்டத்திலும் வரும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

## வெளியூர் எழுத்தாளர் கூட்டம்

முதல் வருஷம் இதைத்தான் செய்தோம். சென்னையிலிருந்து ஒரு நாவலாசிரியர். நல்ல மனுஷர், நன்றாக எழுதுகிறவர், பெயர் இங்கே வேண்டாம். ரயில் இரண்டு பக்கமும் 3,000, லாட்ஜ் 1,500, கார் 1,200, மைக்கும் நாற்காலியும் 2,800, ஃப்ளெக்ஸும் நோட்டீஸும் 1,600, பொன்னாடை, நினைவுப் பரிசு 1,100, டீ, வடை 1,900. கவரில் வைத்துக் கொடுத்தது 3,000. ஆக மொத்தம் 16,100 ரூபாய்.

கூட்டம் 78 பேர். படம் பிடித்துப் போட்டால் பிரமாதமாக இருக்கும். அதில் 41 பேர் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஆசிரியர் வரிசையில் நிறுத்திக் கூட்டிவந்தார். எழுத்தாளரின் எந்தப் புத்தகத்தையாவது படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது ஆறு கை எழுந்தது. அதில் இரண்டு கை எங்கள் வட்டத்துத் தலைவரும் நானும்.

அந்த அழைப்பிதழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைமை ஒருவர், முன்னிலை மூவர், வரவேற்புரை, வாழ்த்துரை நான்கு, தொகுப்புரை, நன்றியுரை. பெயர் விட்டுப்போனால் கோபம், போட்ட பெயர் இரண்டாவது வரியில் இருந்தால் அதைவிடக் கோபம். ஒரு பெரியவர் தன் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் போடவில்லை என்று கூட்டத்துக்கே வரவில்லை. ஐந்தரைக்கு ஆரம்பித்த கூட்டத்தில் எழுத்தாளர் கைக்கு மைக் போனபோது மணி ஏழு நாற்பது. எட்டரைக்கு அவருக்கு ரயில். பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் வடையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

மறைமுகச் செலவு என்று நான் சொல்வது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான். பணமாகப் பார்த்தால் வேறொன்றும் இருக்கிறது: புத்தகக் கட்டு. பதிப்பகத்திலிருந்து 50 பிரதி வரவழைத்தோம், 9 விற்றது. மீதியைத் திருப்பி அனுப்பிய பார்சல் கூலி எங்கள் தலையில். இதில் இன்னொரு வேடிக்கை, பேச வந்தவரின் நாவல் எங்கள் நூலகத்திலேயே கிடையாது. கிளை நூலகம் நினைத்த புத்தகத்தை நினைத்த நேரத்தில் வாங்கிவிட முடியாது. கூட்டம் கேட்டு ஆசைப்பட்டு மறுநாள் வந்த பெண்ணிடம் நூலகர் கையை விரித்தார். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்று 1931-லேயே எழுதிவைத்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனின் படம் அவர் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் நாங்கள் இரண்டு பிரதி வாங்கி நன்கொடையாகக் கொடுத்தோம். அதைக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால் செய்திருக்க வேண்டும்.

இதே கூட்டத்தை வேறு மாதிரி செய்தபோது விஷயமே மாறிப்போனது. இரண்டு வருஷம் கழித்து, பேருந்திலேயே வந்துபோகும் தொலைவில் இருக்கும் ஓர் எழுத்தாளரைக் கேட்டோம். ஆறு வாரம் முன்பே அவருடைய ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பில் ஐந்து பிரதி வாங்கி, ஒருவர் படித்ததும் அடுத்தவருக்கு என்று சுற்றுக்கு விட்டோம். வந்தவர்கள் 19 பேர். மேடை இல்லை, பொன்னாடை இல்லை, வட்டமாக நாற்காலி. முதல் ஒரு மணி நேரம் நாங்களே கதைகளைப் பேசினோம், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பருத்திக்காட்டு வேலைக்குப் போகிற ஓர் அக்கா, "கதையில மாசி மாசம் பருத்தி எடுக்கப் போறதா எழுதியிருக்கீங்க, எந்த ரகம்?" என்று கேட்டார். எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் நடந்ததுதான் நான் பார்த்ததிலேயே நல்ல எழுத்தாளர் சந்திப்பு. செலவு புத்தகம் 1,400, டீ 300, பேருந்துக் கட்டணம். ஐந்து பிரதியும் இன்று அலமாரியில் இருக்கின்றன. ஓரம் கசங்கிப் போய்.

வெளியூர் எழுத்தாளர் எப்போது சரி? புதுக் கட்டடம் திறந்திருக்கிறீர்கள், நூலகம் இருப்பதே ஊருக்குத் தெரியவில்லை என்றால் சரி. பள்ளி, கல்லூரி பக்கத்தில் இருந்து, ஆசிரியர்கள் முன்பே ஒரு கதையை வகுப்பில் படிக்க வைக்கத் தயாராக இருந்தால் மிகவும் சரி. அவர் எழுதியது உங்கள் ஊரைப் பற்றியே என்றால் யோசிக்கவே வேண்டாம். மற்றபடி, பெரிய எழுத்தாளர்களைப் பார்க்க இப்போது மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் இருக்கின்றன. பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று நதிப் பெயர்களில் அரசே இலக்கியத் திருவிழா நடத்துகிறது. அவர்களோடு 60 நாற்காலி நூலகம் போட்டி போட வேண்டியதில்லை.

இணையவழியில் பேச வைக்கலாமே என்பார்கள். செய்தோம். திரையில் அவர் வாய் அசைந்தது, குரல் அடுத்த நிமிஷம் வந்தது. விட்டுவிட்டோம்.

## ஊர் வரலாற்று உரை

இருப்பதிலேயே மலிவு இதுதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ வரலாற்றுப் பேராசிரியரோ பக்கத்து ஊரிலேயே இருப்பார். சால்வை, டீ, ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,000-க்குள் முடியும். ஒரு வாரத்தில் ஏற்பாடு செய்துவிடலாம். எங்கள் பக்கத்தில் கூட்டமும் வரும், அதுவும் நூலகத்துக்கு எப்போதும் வராத ஆம்பிளைகள் வருவார்கள். தங்கள் ஊர்ப் பெயர்க் காரணத்தைக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வம்பும் அந்தப் பெயர்க் காரணத்தில்தான் ஆரம்பிக்கும். பாண்டிய ராஜா வேட்டைக்கு வந்தான், தாகம் எடுத்தது, ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள், ஆகவே இந்தப் பெயர். இந்தக் கதையை மூன்று ஊருக்கு மூன்று பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதையாகக் கேட்டால் தோஷமில்லை. ஆனால் அந்தப் பெண் எந்தச் சாதி என்று பேச்சாளர் சேர்த்தவுடன் கூட்டத்தில் பாதிப் பேர் முகம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். கோயில் முதல் மரியாதை, கண்மாய்ப் பாத்தியதை, தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதெல்லாம் இங்கே வரலாறு மட்டும் கிடையாது, நடப்பு விவகாரம். நூலகர் மாற்றலாகிப் போகக்கூடிய அரசு ஊழியர். இதில் அவரை மாட்டிவிடக் கூடாது.

எங்களுக்கு உதவியது ஒரு சின்ன ஏற்பாடு. பேச்சாளரிடம் முன்பே சொல்லிவிடுகிறோம்: "ஐயா, எதைச் சொன்னாலும் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்." கல்வெட்டு ஆண்டறிக்கையா, கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறா, பேட் தொகுத்த 1917 கெசட்டியரா (மாவட்ட விவரத் தொகுப்பு), கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் நில விவரங்களின் 'அ' பதிவேடா, பாட்டி சொன்னதா? பாட்டி சொன்னது என்றால் பாட்டி சொன்னது என்றே சொல்லலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. (தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். அதனால் எங்கள் ஊர் சமாசாரத்தைத் திருநெல்வேலி என்று தேடினால்தான் பழைய புத்தகங்களில் கிடைக்கும். இது தெரியாமல் ஒரு பையன் மூன்று மாதம் தேடியிருக்கிறான்.)

மறுநாள் என்ன மிஞ்சும்? யாரும் பதிவு செய்யவில்லை என்றால் ஒன்றும் மிஞ்சாது. பேச்சாளர் கையில் வைத்திருந்த குறிப்புத் தாள்களை அன்றைக்கே கேட்டு வாங்கி ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். ஒருவரின் உரையைப் பதிவு செய்யாமல் விட்டோம். மறுவருஷம் அவர் இல்லை.

## மரபு நடை

இதில் ஒரு கஷ்டம், நிகழ்ச்சி நூலகத்துக்கு வெளியே நடக்கிறது. வருகிற பிள்ளைகுட்டிகளுக்கு அது சுற்றுலா, நூலகம் அதற்குப் பேருந்து ஏற்றிவிட்ட இடம், அவ்வளவுதான். ஆனால் சந்தோஷம் என்று பார்த்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

கழுகுமலைக்கு 34 பேர் போனோம். வெட்டுவான் கோயிலைச் சுற்றி நின்று, மேலிருந்து கீழாகவே குடைந்து வந்திருக்கிறார்கள், அடித்தளம் முடியாமலே நின்றுவிட்டது என்று சொன்னால் எட்டாம் நூற்றாண்டு என்கிற வார்த்தைக்கு அப்போதுதான் எடை வருகிறது. ஆனால் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தியது அதுவல்ல. பாறையில் வரிசையாக இருக்கும் சமணத் திருமேனிகளுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. யார் செய்வித்தது, எந்த ஊர் என்று. அதில் குரத்தியர் என்று பெண் ஆசிரியர்களும் வருகிறார்கள். உடன் வந்த பேராசிரியர் அதைப் படித்துச் சொன்னதும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சரா?" என்று கேட்டுவிட்டு, அந்த எழுத்தைத் தன் நோட்டில் பார்த்துப் பார்த்து வரைய ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் நூலகத்துக்கு வந்து வட்டெழுத்து பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அந்த வருஷம் எங்களுக்கு அதுவே போதும்.

செலவு: வேன் 5,500, காலைப் பலகாரம் 2,000. இது தெரியும் செலவு. தெரியாத செலவு வெயில், கழிப்பறை, முழங்கால். அறுபது தாண்டியவர்கள் மலை ஏறத் திணறுவார்கள். பெண்கள் கழிப்பறை எங்கே என்று தெரியாமல் வரத் தயங்குவார்கள், அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். முன்னாலேயே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மழைக்காலத்தில் சமதரைதானே, நடுகல் பார்க்க வயலுக்குள் நடந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். கரிசல் மண் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். நூலக வாரம் வருவதோ சரியாக அந்த மழைக்காலத்தில். ஆகவே நடையைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பங்குனிக்குள் முடித்துவிடுங்கள்.

ஒன்று கண்டிப்பு. எழுத்து தெரியவில்லை என்று கல்லில் மாவையோ சாக்பீஸையோ தேய்க்க விடாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் எழுத்து தானே எழுந்து நிற்கும்.

## ஆவண நாள்

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் போன் செய்கிற யாருமே இதைக் கேட்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. "உங்கள் வீட்டுப் பழைய போட்டோ, கல்யாணப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், கணக்குப் புத்தகம், தீப்பெட்டி லேபிள் எதுவானாலும் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்" என்று ஒரு நோட்டீஸ். அவ்வளவுதான் நிகழ்ச்சி. தலைமை, முன்னிலை இல்லை. மைக்கும் இல்லை.

முதல் முறை காலை பத்து மணி வரை யாரும் வரவில்லை. நாங்களே எங்கள் வீட்டு போட்டோவை வைத்து ஸ்கேனரைச் சோதித்துக்கொண்டிருந்தோம். பதினொன்றுக்கு ஒரு ஆச்சி மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே தீப்பெட்டி லேபிள்கள், நூற்றுக்கும் மேல், ரப்பர் பேண்ட் போட்டு. அவர் கணவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். மயில், சைக்கிள், ஏரோப்ளேன், பூனை. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பித்து நூறு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து வீடுகளில் அதில் கை வைக்காத குடும்பம் குறைவு. ஆனால் எங்கள் நூலகத்தில் அதைப் பற்றி ஒரு துண்டுத் தாள்கூட அதுவரை இல்லை. ஆச்சி அன்றைக்குத்தான் முதன்முதலாக நூலகத்துக்குள் வந்திருக்கிறார். "இதுக்குள்ள பொம்பளைங்களும் வரலாமா?" என்றுதான் வாசலில் கேட்டார்.

மத்தியானம் ஒருவர் கொண்டுவந்த போட்டோவில், ஜின்னிங் ஃபேக்டரி வாசலில் பதினான்கு பேர் நிற்கிறார்கள். சுதந்திரத்துக்கு முந்தைய படம் என்று அவர் வீட்டில் நம்பிக்கை. பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் சுவரில் இரட்டைக் காளை, அதற்குப் பக்கத்திலேயே உதயசூரியன். தி.மு.க. தேர்தலில் நிற்க ஆரம்பித்ததே 1957-இல்; இரட்டைக் காளைச் சின்னம் 1969-இல் காங்கிரஸ் உடைந்ததோடு போயிற்று. இடையில் வந்த பொதுத் தேர்தல்கள் 57, 62, 67. ஆக படம் சுதந்திரத்துக்குக் குறைந்தது பத்து வருஷம் பிந்தியது. கொண்டுவந்தவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் அந்தச் சுவரைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல வரலாற்று வகுப்பு எந்த உரையிலும் எங்களுக்கு வாய்க்கவில்லை.

ரொக்கக் கணக்கு: ஸ்கேனர் 6,200, ஹார்ட் டிஸ்க் இரண்டு 9,000, படிவம் ஜெராக்ஸும் டீயும் 800. மொத்தம் 16,000. பாருங்கள், வெளியூர் எழுத்தாளருக்கு ஆனதற்கு நூறு ரூபாய்தான் குறைவு. ஆனால் இரண்டாம் முறை 900 ரூபாயில் முடிந்தது.

மறைமுகச் செலவு இதற்குத்தான் மிக அதிகம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்ய இரண்டு நிமிஷம் ஆகிறது. படத்தில் யார், எந்த இடம், எந்த வருஷம், யாரிடமிருந்து வந்தது என்று படிவத்தில் எழுதப் பதினைந்து நிமிஷம் ஆகிறது. அதை எழுதாவிட்டால் மொத்தமும் வீண். பெயர் தெரியாத முகங்களின் ஃபோல்டர் எவனுக்கு வேண்டும்? முதல் ஆவண நாளின் 212 படங்களுக்கு விவரம் ஏற்றி முடிக்க எங்களில் மூன்று பேருக்கு நாலு மாதம் பிடித்தது. அதில் ஒருவர் பாதியில் கழன்றுகொண்டார், இன்னமும் டீக்கடையில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அப்புறம் சில எச்சரிக்கைகள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சுவடி, பழைய நாணயம் என்று எது வந்தாலும் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். "தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்தது" என்று யாராவது பானையோடு வந்தால் அதைத் தொடவே வேண்டாம். மண்ணுக்கடியில் கிடைத்த பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷப் புதையல் சட்டமே இருக்கிறது, வி.ஏ.ஓ.விடம் அனுப்பிவிடுங்கள். பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள், நாளை கோர்ட்டுக்கு நம் நூலகம் சாட்சி ஆகிவிடும். படத்தை இணையத்தில் ஏற்றலாமா என்று படிவத்தில் தனியாகக் கேட்டு கையெழுத்து வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள், ஆனால் வீட்டுப் பெண்கள் இருக்கும் படத்துக்கு மட்டும் வேண்டாம் என்பார்கள். அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

ஹார்ட் டிஸ்க் எதற்கு இரண்டு என்று எங்கள் பொருளாளர் கேட்டார். ஒன்று நூலகத்தில், ஒன்று வேறு வீட்டில். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாததும் அதில் இருந்தது. பிற்பாடு 2005-இல் அந்த மண்ணின் ஆட்கள் தொடங்கிய 'நூலகம்' என்கிற இணைய ஆவணகத்தில் இப்போது பழைய துண்டுப் பிரசுரம்கூடப் படிக்கக் கிடைக்கிறது. எங்கள் ஊரில் தீ வைக்க யாரும் வரப்போவதில்லை, ஆனால் ஒழுகுகிற கூரையும் கரையானும் உண்டு.

இந்தக் குப்பையெல்லாம் வரலாறா என்றும் கேட்பார்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா சேர்த்துவைத்ததில் கல்யாணப் பத்திரிகையும் நாடக நோட்டீஸும் இருந்தன. அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்றைக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் தமிழாராய்ச்சிக்காரர்கள் அங்கே வருகிறார்கள். எங்கள் பக்கத்திலேயே கி.ரா. காட்டுவேலைக்காரர் வாயிலிருந்து சொல் பொறுக்கிக் கரிசல் வட்டார வழக்கு அகராதி செய்தார். அந்த வேலையைச் செய்தபோது இரண்டு பேருமே பல்கலைக்கழகத்து ஆட்கள் இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வெளியூர் எழுத்தாளர் | வரலாற்று உரை | மரபு நடை | ஆவண நாள் |
|---|---|---|---|---|
| எங்களுக்கு ஆன ரொக்கம் | 16,100 | 2,000-க்குள் | 7,500 | முதல் முறை 16,000, பிறகு 900 |
| ஏற்பாட்டுக்கு | 2 மாதம் | 1 வாரம் | 3 வாரம் | 1 மாதம், பின்வேலை 4 மாதம் |
| யார் வருவார்கள் | வழக்கமானவர்கள், பள்ளிப் பிள்ளைகள் | ஊர்ப் பெரியவர்கள், பெரும்பாலும் ஆண்கள் | குடும்பங்கள், பிள்ளைகள் | நூலகமே வராதவர்கள், வயதான பெண்கள் |
| மறைந்திருக்கும் செலவு | அழைப்பிதழ்ச் சண்டை, விற்காத புத்தகம் | சாதி, கோயில் வம்பு | வெயில், கழிப்பறை, மழை | விவரம் ஏற்றும் உழைப்பு |
| மறுநாள் மிஞ்சுவது | முன்பே புத்தகம் வாங்கினால் புத்தகம் | பதிவு செய்தால் பதிவு | சில புது உறுப்பினர்கள் | வளரும் கோப்பு |

## சரி, எதைச் செய்வது

கையில் மூவாயிரமும் இரண்டு ஆட்களும்தான் என்றால் வரலாற்று உரை. போனில் பதிவு செய்வதை மறக்க வேண்டாம். வட்டத்தில் இளவயதுக்காரர்கள் நிறைய, ஒன்றும் தை மாதம் வரை அவசரமில்லை என்றால் நடை. நூலக வாரத்துக்கு விழா மாதிரி ஒன்று நடத்தியே ஆக வேண்டும், மாவட்ட நூலக அலுவலர் வருகிறார் என்றால் எழுத்தாளரைக் கூப்பிடுங்கள். ஆனால் பேருந்து தூரத்தில் இருப்பவரை, புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டபிறகு, அழைப்பிதழில் மூன்று பெயருக்கு மேல் போடாமல்.

பதினைந்தாயிரம் இருக்கிறது, உட்கார்ந்து எழுத மூன்று பேர் நான்கு மாதத்துக்குக் கிடைப்பார்கள் என்றால் நான் ஆவண நாளைத்தான் சொல்வேன். அந்த மூன்று பேர் கிடைக்காவிட்டால் அதை ஆரம்பிக்கவே வேண்டாம். பாதியில் நின்ற ஆவண நாள், நடத்தாத ஆவண நாளைவிட மோசம். படம் கொடுத்தவர்கள் வருஷக்கணக்கில் "என்னாச்சு?" என்று கேட்பார்கள்.

எங்கள் வட்டம் இப்போது இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. வைகாசியில் ஆவண நாள். அதில் வந்தவற்றில் முப்பது படங்களைப் பெரிதாக்கி, நவம்பரில் நூலகச் சுவரில் மாட்டுவது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் பேச ஓர் எழுத்தாளரை அழைப்பது. போன நவம்பரில் வந்தவர் தயாரித்து வந்த உரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஜின்னிங் ஃபேக்டரி போட்டோ முன்னால் நின்றபடி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். தீப்பெட்டி ஆச்சி முதல் வரிசையில் இருந்தார், லேபிள் எதுவும் தலைகீழாக மாட்டவில்லையே என்று சரிபார்த்துக்கொண்டு. ஒன்று தலைகீழாகத்தான் இருந்தது.

ஸ்கேனர் வாங்கக் காசில்லை என்பவர்கள் எங்களைக் கேளுங்கள். ஆனி முதல் ஐப்பசி வரை எங்களுடையது சும்மாதான் கிடக்கும், வந்து எடுத்துப் போகலாம். மூடியின் கீல் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.